நடுவானில் பெட்ரோல் ஊற்றியவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

'லக்கி லேடி II' என்ற அமெரிக்க பி-50 குண்டுவீச்சு விமானம் 1949-ல் எங்கும் தரையிறங்காமல் உலகைச் சுற்றி வந்தது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பது ஒன்றைத்தான்: அதற்கு எரிபொருள் கொடுத்தது யார், எப்படிக் கொடுத்தார்கள்? அந்தக் கேள்விகளையும், அவற்றை ஒட்டி எழுந்த வேறு சிலவற்றையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: லக்கி லேடியின் பெயர் தெரிகிறது, அதன் தலைமை விமானி ஜேம்ஸ் கல்லகர் பெயரும் தெரிகிறது. எரிபொருள் கொடுத்த விமானங்கள் எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவை?

அமெரிக்க விமானப்படையின் 43-ஆவது வான் எரிபொருள் நிரப்பும் ஸ்குவாட்ரன். அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரை ஒட்டிய டேவிஸ்-மான்தன் தளத்தில் 1948-ல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் 509-ஆவது ஸ்குவாட்ரனும் தொடங்கப்பட்டது. எரிபொருள் நிரப்புவதையே முழுநேர வேலையாகக் கொண்டு அமெரிக்காவில் அமைந்த முதல் இரண்டு ஸ்குவாட்ரன்கள் இவை.

தேவை எளிமையானது. அப்போதைய பி-29, பி-50 விமானங்களால் அமெரிக்க மண்ணிலிருந்து கிளம்பி சோவியத் யூனியன் வரை போய்த் திரும்ப முடியாது. வெளிநாட்டுத் தளங்களை நம்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் வழியிலேயே எரிபொருள் ஏற்ற வேண்டும். இரண்டாவது வழியும் நடக்கும் என்று நிரூபிக்கும் வேலை 43-ஆவது ஸ்குவாட்ரனிடம் வந்தது. 1948 டிசம்பரிலேயே ஒரு பி-50 டெக்சாஸின் கார்ஸ்வெல் தளத்திலிருந்து ஹவாய் வரை போய், இறங்காமலே திரும்பியது. அந்தப் பயணத்துக்கும் வழியில் எரிபொருள் ஊட்டியவை, பி-29-ஐ எரிபொருள் கொடுக்கும் விமானமாக மாற்றிய கேபி-29 டேங்கர்கள்தான்.

அடுத்தது உலகச் சுற்று. 1949 பிப்ரவரி 26 அன்று கார்ஸ்வெல்லில் கிளம்பிய லக்கி லேடி, மார்ச் 2 அன்று அங்கேயே இறங்கியது. 94 மணி 1 நிமிடம், 23,452 மைல், உள்ளே 14 பேர். எரிபொருள் ஏற்றியது நான்கு இடங்களில்: அசோர்ஸ் தீவுகள், சவூதியின் தஹ்ரான், பிலிப்பைன்ஸின் கிளார்க் தளம், ஹவாய். இதில் கவனிக்க வேண்டியது, டேங்கர்கள் கூடவே பறந்து வரவில்லை. 43-ஆவது ஸ்குவாட்ரன் தன் விமானங்களையும், உதிரிப் பாகங்களையும், மெக்கானிக்குகளையும் அந்தத் தளங்களுக்கு முன்கூட்டியே அனுப்பிக் காத்திருந்தது. லக்கி லேடிக்கு அது ஒரே பயணம். ஸ்குவாட்ரனுக்கு நான்கு வெவ்வேறு தளங்களில், ஒன்றுக்கொன்று உதவ முடியாத தூரத்தில், ஒரே வாய்ப்பில் முடிக்க வேண்டிய நான்கு வேலைகள். இதற்கு ஒரு நாள் முன்னால் கிளம்பிய 'குளோபல் குவீன்' என்ற பி-50 என்ஜினில் தீப்பிடித்து அசோர்ஸிலேயே இறங்கிவிட்டது. லக்கி லேடி அதற்குப் பிறகு புறப்பட்ட விமானம்.

ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிலிப்பைன்ஸ் அருகே லக்கி லேடிக்கு எரிபொருள் கொடுத்துவிட்டு, மோசமான வானிலையில் தளத்துக்குத் திரும்பிய ஒரு கேபி-29எம் டேங்கர் விபத்துக்குள்ளானது. அதில் இருந்த ஒன்பது பேரும் இறந்தார்கள். ஆண்டின் சிறந்த பறப்புக்கு அமெரிக்க விமானப்படையில் தரப்படும் மெக்கே கோப்பை லக்கி லேடி குழுவுக்குக் கிடைத்தது. அவர்கள் அதற்குத் தகுதியானவர்களே. ஆனால் அந்த 23,452 மைலைப் பற்றி எழுதுகிற எவரும் அந்த ஒன்பது பேரை விட்டுவிட்டு எழுதக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. சென்ற இதழில் இடமின்மையால் அது விடுபட்டது, இங்கே சேர்த்துவிட்டோம்.

கேள்வி: 1949-ல் கணினி கிடையாது, இன்றைய கருவிகள் எதுவும் கிடையாது. பறக்கிற இரண்டு விமானங்களை ஒரு குழாயால் எப்படி இணைத்தார்கள்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முறை பிரிட்டனில் பிறந்தது. ஆலன் காபம் 1934-ல் தொடங்கிய 'ஃப்ளைட் ரீஃபியூலிங்' நிறுவனம் அதை வளர்த்தது. 1939-ல் அட்லாண்டிக் கடந்த பறக்கும் படகுகளுக்கு (நீரில் இறங்கும் விமானங்கள்) இப்படித்தான் எரிபொருள் ஏற்றினார்கள். அமெரிக்கர்கள் 1948-ல் அந்தக் கருவிகளை வாங்கி, பழைய பி-29-களில் பொருத்தி கேபி-29எம் என்று பெயரிட்டார்கள். குண்டு வைக்கும் இரண்டு அறைகளிலும் தலா ஒரு 2,300 கேலன் தொட்டி. ஆக 4,600 கேலன். விமான பெட்ரோல் கேலனுக்கு ஏறத்தாழ 6 பவுண்டு என்று வைத்தால் 27,600 பவுண்டு, அதாவது பன்னிரண்டரை டன்.

வேலை இப்படி நடக்கும். எரிபொருள் வாங்கும் விமானம் தன் வால் பகுதியிலிருந்து ஒரு எஃகுக் கம்பியைப் பின்னால் நீளமாகத் தொங்கவிடும். டேங்கரும் தன் பங்குக்கு ஒரு கம்பியைத் தொங்கவிடும். பின் டேங்கர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்கே நகரும். இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று உரசி வழுக்கி, முனையில் உள்ள கொக்கி மாட்டிக்கொள்ளும். இங்கேதான் பொறுமை வேண்டும். கம்பி காற்றில் ஆடும், கொக்கி வழுக்கிப் போகும், மறுபடி ஒரு முறை குறுக்கே வர வேண்டும்.

மாட்டியதும் டேங்கரில் இருக்கும் ஆள் வின்ச்சை (கம்பியைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) இயக்கி, வாங்கும் விமானத்தின் கம்பியைத் தன் விமானத்துக்குள் இழுப்பார். அதன் முனையை எரிபொருள் குழாயின் முனையோடு பூட்டுவார். இப்போது வாங்கும் விமானத்தில் இருப்பவர் தன் வின்ச்சைச் சுற்றத் தொடங்குவார். கம்பியோடு சேர்ந்து குழாயும் டேங்கரிலிருந்து இறங்கி, வளைந்து தொங்கியபடி வந்து, அவர் முன்னே உள்ள வாயில் பொருந்தும். பூட்டு விழுந்ததை அவர் கண்ணால் பார்த்து உறுதி செய்து சொன்ன பிறகு டேங்கர் சற்று மேலே ஏறும். மேலிருந்து கீழே தன் எடையாலேயே பெட்ரோல் இறங்கும். பாய்ச்சல் மெதுவானது, அதனால் இரண்டு விமானங்களும் நீண்ட நேரம் நெருக்கமாகப் பறந்தாக வேண்டும்.

முடிந்ததும் வால்வை மூடி, குழாயில் மிஞ்சிய ஆவியைத் தீப்பற்றாத வாயுவால் வெளியேற்றி, பூட்டைத் திறந்து, குழாயை டேங்கர் தன்னிடம் சுற்றிக்கொள்ளும். கடைசியில் டேங்கர் விலகித் திரும்பும்போது, இணைக்கும் கம்பியில் வேண்டுமென்றே பலவீனமாக வைத்த ஒரு கண்ணி அறுந்து இரண்டும் பிரியும். அந்தக் கண்ணி முக்கியமானது. எது அறுந்தாலும் அதுதான் முதலில் அறுபட வேண்டும். விமானத்தின் உடலோ வின்ச்சோ பிய்ந்து போகக் கூடாது.

கேள்வி: இவ்வளவு நன்றாக வேலை செய்த முறையை ஏன் கைவிட்டார்கள்?

கம்பியை இழுக்க ஒரு ஆள் வேண்டுமே! ஒற்றை விமானி மட்டும் இருக்கும் ஜெட் போர் விமானத்தில் வின்ச் சுற்ற யாரும் இல்லை. வேகமும் ஒரு தடை; மேகத்திலும் இருட்டிலும் கொக்கி மாட்டுவது மேலும் சிரமம்.

காபத்தின் நிறுவனமே மாற்று கண்டது. டேங்கர் ஒரு குழாயைப் பின்னால் விடும். அதன் முனையில் புனல் வடிவக் கூடை. வாங்கும் விமானத்தின் முன்புறம் நீட்டிய ஒரு குழல், அதாவது புரோப், அந்தக் கூடைக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். 1949 ஆகஸ்ட் 7 அன்று ஒரு மீட்டியர் ஜெட், லங்காஸ்டர் டேங்கரிடம் பத்து முறை இப்படி வாங்கி 12 மணி 3 நிமிடம் வானத்திலேயே இருந்தது.

43-ஆவது ஸ்குவாட்ரனின் பெயர் மறுபடி வருவது இந்தக் கூடை முறையில்தான். 1951 ஜூலை 6 அன்று அந்த ஸ்குவாட்ரனின் பொறுப்பில் இருந்த ஒரு கேபி-29எம், வட கொரியாவின் வான்சான் கடற்கரைக்கு அப்பால் மூன்று ஆர்எஃப்-80 உளவு விமானங்களுக்கு எரிபொருள் கொடுத்தது. போர்முனையில் நடந்த முதல் வான் எரிபொருள் நிரப்பல் அது. அந்த விமானங்கள் எட்டக்கூடிய தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது.

ஆனால் ஏற்பாடு அரைகுறையானது. ஆர்எஃப்-80-ன் இறக்கை முனைகளில் இருந்த தொட்டி ஒவ்வொன்றிலும் தனித்தனி புரோப். விமானி ஒரு தொட்டியை நிரப்பி, விலகி வந்து, மறுபக்கத் தொட்டிக்காக மறுபடி செருக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நிறைந்திருக்கும்போது அந்த இறக்கை கீழே இழுக்கும். கட்டுப்பாட்டுக் கோலை எதிர்ப்பக்கம் அழுத்திப் பிடித்தபடியே அடுத்த முறை குறி பார்க்க வேண்டும். புரோப் தன் மூக்குக்கு நேரே இல்லாமல் இறக்கை நுனியில் இருப்பதால் தலையைத் திருப்பித்தான் பார்க்க முடியும். பின்னர் வந்த விமானங்களில் ஒரே இடத்தில் வாங்கி எல்லாத் தொட்டிகளுக்கும் பிரித்து அனுப்பும் அமைப்பு வந்ததற்கு இந்தத் தலைவலியே போதுமான காரணம்.

கேள்வி: கூடையில் செருகுவது பார்க்க எளிதாகத் தெரிகிறது. எங்கே தவறு நடக்கிறது?

நெருங்கும் வேகத்தில். டேங்கரை விட மணிக்கு மூன்று, நான்கு மைல் கூடுதல் வேகத்தில், நடைவேகத்தில், வர வேண்டும். அதைவிடக் குறைந்தால் கூடை புரோப்பில் சரியாகப் பூட்டாது. வால்வு பாதி திறந்து பெட்ரோல் கண்ணாடி மேல் தெறிக்கும். வேகம் கூடினால் இன்னும் மோசம். டேங்கரில் உள்ள சுருள், குழாய் தளரும்போது தானாக அந்தத் தளர்வைச் சுற்றி எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். விமானம் அதைவிட வேகமாக முட்டினால் குழாய் தொய்ந்து, தோட்டத்து ரப்பர் குழாயை ஒரு முனையில் உதறியதுபோல அலை ஓடும். அலை டேங்கர் வரை போய்த் திரும்பி வந்து புரோப் முனையை ஒடித்துவிடும். முனை ஒடிவதற்கென்றே பலவீனமாக வைத்திருப்பார்கள் என்பது ஆறுதல். ஆனால் அதன் பிறகு அந்த விமானத்தால் எரிபொருள் வாங்க முடியாது.

இன்னொன்று, கடைசிச் சில அடிகளில் விமானத்தின் மூக்குக்கு முன்னால் விலகும் காற்று கூடையையும் சேர்த்துத் தள்ளிவிடும். புதிய விமானி கூடையைத் துரத்துவார். கூடை இன்னும் ஆடும். பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வது இதுதான்: கூடையைப் பார்க்காதே, டேங்கரைப் பார்த்துப் பற. செருகிய பின் கூடையைச் சில அடி முன்னால் தள்ள வேண்டும், குழாய் கொஞ்சம் உள்ளே போனால்தான் பாய்ச்சல் தொடங்கும். பிரிட்டிஷ் டேங்கர்களில் மஞ்சள் விளக்கு எரிந்தால் வரலாம், பச்சை என்றால் எரிபொருள் போகிறது, சிவப்பு என்றால் விலகு.

கேள்வி: அமெரிக்க விமானப்படை கூடையை விட்டுவிட்டு நீளமான இரும்புக் குழலுக்கு ஏன் மாறியது? அவர்களுடைய கடற்படை மட்டும் ஏன் கூடையிலேயே நின்றுவிட்டது?

பாய்ச்சல்தான் காரணம். போயிங் உருவாக்கிய 'பூம்' என்ற அந்தக் குழல், பெரிய விமானத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 6,000 பவுண்டு வரை தரும். கூடை முறையில் 1,500 முதல் 2,000 பவுண்டு. பல்லாயிரம் பவுண்டு வாங்க வேண்டிய பி-47, பி-52 போன்ற குண்டுவீச்சு விமானத்துக்கு, எதிரியின் எல்லையை நெருங்கும் நேரத்தில் இந்த வித்தியாசம் பெரிது. சிறிய போர் விமானத்துக்கு அவ்வளவு வேகமாக வாங்கும் குழாயே உள்ளே கிடையாது, அதனால் அங்கே பூமின் ஆதாயம் குறைவு. பூமில் திறமைச் சுமையும் இடம் மாறுகிறது: வாங்கும் விமானி தன் இடத்தில் ஆடாமல் நின்றால் போதும், டேங்கரில் உள்ள பூம் ஆபரேட்டர், குழலில் உள்ள இரண்டு சிறிய இறக்கைகளால் அதை ஓட்டி வந்து செருகுவார். 1950-ல் கேபி-29பி-யில் இது படைக்கு வந்தது.

கடற்படை விமானம் கப்பலிலிருந்து கிளம்புவது. அங்கே ஒரு சாதாரணப் போர் விமானத்தின் இறக்கையில் ஒரு குழாய்ச் சுருளை மாட்டினால் அதுவே டேங்கர். பூமை அப்படி மாட்ட முடியாது. ஹெலிகாப்டருக்குப் பூம் உதவவே உதவாது. இரண்டு தரப்புக்கும் காரணம் இருக்கிறது, எங்கள் கணிப்பில் இரண்டும் சரியே.

கேள்வி: கேசி-97 டேங்கரோடு 'சறுக்கிக்கொண்டே' எரிபொருள் வாங்கினார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கேசி-97 பிஸ்டன் என்ஜின் விமானம், பி-47 ஜெட். டேங்கர் முழு வேகத்தில் போனாலும் எரிபொருள் ஏறி ஏறிக் கனமாகும் பி-47-க்கு அது போதாது. வேகம் குறைந்து விழும் நிலைக்கு வந்துவிடும். அதனால் இரண்டும் சேர்ந்து மெல்லக் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே போவார்கள். சரிவில் டேங்கருக்கு வேகம் கூடும். இதில் ஒரு நஷ்டம் உண்டு. உயரத்தில் பறந்த ஜெட் கீழே இறங்கி வந்து, வாங்கிய பிறகு மறுபடி ஏற வேண்டும். வாங்கியதில் ஒரு பங்கு அந்த ஏற்றத்திலேயே எரிந்துவிடும்.

கேசி-135 ஜெட் டேங்கர் வந்ததும் இது முடிந்தது. அதன் முதல் விமானம் 1957 ஜூன் 28 அன்று கலிபோர்னியாவின் காசில் தளத்தில் 93-ஆவது எரிபொருள் ஸ்குவாட்ரனிடம் சேர்ந்தது. அதே ஆண்டு ஜனவரியில் காசிலின் மூன்று பி-52-கள் 45 மணி 19 நிமிடத்தில் உலகைச் சுற்றியபோது வழியில் எரிபொருள் கொடுத்தவை பழைய கேசி-97-களே.

கேள்வி: பூம் முறையில் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. 1966 ஜனவரி 17 அன்று ஸ்பெயினின் பலோமரெஸ் மேலே, 31,000 அடி உயரத்தில், ஒரு பி-52 தன் டேங்கரோடு மோதியது. கேசி-135-ல் இருந்த நால்வரும், பி-52-ன் எழுவரில் மூவரும் இறந்தார்கள். நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்ததால் உலகம் குண்டுகளைப் பற்றித்தான் பேசியது. பி-52 பின்னாலிருந்து சற்று வேகமாக நெருங்கியிருக்கிறது. இப்படி நெருங்கும்போது பூம் ஆபரேட்டர் 'பிரேக்அவே' என்று கத்த வேண்டும்; டேங்கர் வேகமெடுத்து மேலே ஏறும், பின்னால் இருப்பவர் விசையைக் குறைத்துக் கீழே இறங்குவார். அன்று அந்தக் குரல் தங்களுக்குக் கேட்கவில்லை என்று உயிர் பிழைத்தவர் தரப்பில் சொல்லப்பட்டது.

கேள்வி: டேங்கர், இன்னொரு டேங்கருக்குக் கொடுத்தது உண்டா? கொடுக்கிறவருக்கே தீர்ந்துபோனால்?

இரண்டுமே நடந்திருக்கின்றன. வியட்நாம் போரின்போது, 1967 மே 31 அன்று டோன்கின் வளைகுடா மேலே, 902-ஆவது ஸ்குவாட்ரனின் மேஜர் ஜான் காஸ்டீல் ஓட்டிய கேசி-135 இரண்டு எஃப்-104 போர் விமானங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கடற்படையின் இரண்டு கேஏ-3 டேங்கர்கள் தீரும் நிலையில் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்றிடம் பிறருக்குக் கொடுக்க எரிபொருள் இருந்தது, தன் என்ஜினுக்கு எடுத்துக்கொள்ள முடியாத கோளாறு. அந்த நேரம் இரண்டு எஃப்-8 போர் விமானங்களும் வந்தன. அவற்றில் ஒன்றுக்குக் காத்திருக்க நேரமில்லை. கேசி-135 மேலே, அதனிடம் வாங்கியபடி கேஏ-3, அந்தக் கேஏ-3-யிடம் வாங்கியபடி எஃப்-8 என்று மூன்று அடுக்காகப் பறந்தார்கள். பின்னர் இரண்டு எஃப்-4 போர் விமானங்களும் வந்து வாங்கின. பிறருக்குக் கொடுத்ததில் காஸ்டீலுக்கே தன் தளத்துக்குத் திரும்பப் போதவில்லை; வியட்நாமிலேயே இறங்கினார். எட்டு விமானங்களுக்கு எரிபொருள் கிடைத்தது. அந்த ஆண்டின் மெக்கே கோப்பை இந்த முறை டேங்கர் குழுவுக்குப் போனது.

1982-ல் ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டனின் 55, 57-ஆவது ஸ்குவாட்ரன்களின் விக்டர் டேங்கர்கள் ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானத்தை அட்லாண்டிக்கின் அசென்ஷன் தீவிலிருந்து ஃபாக்லாந்தின் தலைநகர் ஸ்டான்லி வரை கொண்டுபோய்த் திருப்பின. ஒரு வல்கனைக் கொண்டுபோய்த் திருப்ப, டேங்கரே டேங்கருக்குக் கொடுக்கும் ஏணிபோல 11 விக்டர்கள் தேவைப்பட்டன. கடைசிக் கட்டத்தில் இரண்டு விக்டர்கள் மட்டும் மிஞ்சியபோது புயலில் ஒன்றின் புரோப் ஒடிந்தது. அதனால் இருவரும் இடம் மாறி, கொடுத்துக்கொண்டிருந்த பாப் டக்ஸ்ஃபோர்ட் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு தானே முன்னே போனார். வல்கனுக்குக் கடைசியாகக் கொடுத்த பிறகு, அசென்ஷன் வரை போக அவருடைய தொட்டியில் போதுமான எரிபொருள் இல்லை. உதவி கேட்க வானொலியைத் தொட்டால் வல்கன் வருவது வெளிப்பட்டுவிடும். குண்டு விழுந்ததற்கான குறிச்சொல் காதில் விழும் வரை அவர் மௌனமாகத் தெற்கு அட்லாண்டிக் மேலே வடக்கு நோக்கிப் பறந்தார்; அதன் பிறகே ஒரு டேங்கரை அனுப்பச் சொன்னார். அது வந்து சேர்ந்தது, அவருடைய விமானத்தில் இருந்த ஐந்து பேரும் பிழைத்தார்கள். டக்ஸ்ஃபோர்டுக்கு விமானப்படைச் சிலுவை விருது கிடைத்தது.